ஆழம் தெரியவில்லை

தெபோரா நாகர்கோவிலிலிருந்து வந்தவள்.
இரும்புச் சட்டம் ஒன்றைக் கடலுக்குள் இறக்கி
அதற்குள் எத்தனை தாழை என்று எண்ணுகிறாள்.
நானூற்றுப் பன்னிரண்டு.
சரி என்கிறேன்.
இத்தனை நாள் எண்ணாமலா இருந்தீர்கள் என்றால்
எண்ணாமல்தான் இருந்தோம்;
குறைந்தது மட்டும் காலுக்குத் தெரிந்தது.

தகரம் கட்டிய கால்.
விரலுக்குத் துணி சுற்றிக் கண்ணாடி மாட்டி
மாதம் பன்னிரண்டு நாள் பாசிக்கு முங்குகிற
தோப்புக்காட்டுப் பெண்கள் நாங்கள்.
பாம்பன் பாலத்தில் ரயிலிலிருந்து பார்ப்பவனுக்கு
அது தண்ணீர்.
முங்கினவளுக்குக் காடு.
நீவாடு திரும்பினால் மொத்தக் காடும் திரும்பிப் படுக்கும்.
ஒருமுறை ஆவுளியா மேய்ந்துபோன தடம் பார்த்தேன்,
ஏர் ஓட்டினமாதிரி.

சேதுராசன் வனத்துறைக்காரர்.
ஏழு வருஷத்துக்கு முன்னால்
பைகளையும் கண்ணாடிகளையும் பிடுங்கிக்கொண்டு போனவர்.
அபராதம் கட்டக் காதில் கிடந்ததை அடகு வைத்தேன்.
இன்றைக்குச் சமுதாயக் கூடத்தில்
எங்கள் பாயில் சம்மணம் போட்டு
“நம்ம கடல்” என்கிறார்.
‘நம்ம’ கூடம் முழுக்க ஈயாகச் சுற்றியது.
யாரும் விரட்டவில்லை, உட்காரவும் விடவில்லை.
ராக்கு எழுந்தாள்:
“சார், என் கண்ணாடி எங்கே?”

அடுத்த கூட்டத்துக்குச் சாக்கோடு வந்தார்.
பதினோரு கண்ணாடிகள்.
மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை,
ஆனால் இற்றுப்போன பட்டைகளை
யாரோ புதிதாக மாற்றியிருந்தார்கள்.
அன்றுதான் கையெழுத்துப் போட்டோம்.

அட்டைக்காரன் பகலில் வருவதில்லை.
கருவேலங்காட்டுக்குள் டிரம்மில் வேகும்;
அந்த வீச்சம் சேலையில் ஏறினால் மூன்று துவைப்பு.
எலும்பு கிடையாது, சத்தம் கிடையாது,
மண்ணைத் தின்று மண்ணையே கழிக்கிற உயிர்.
அது இல்லாவிட்டால் அடிமண் செத்துவிடும் என்று
தெபோரா படம் போட்டுக் காட்டினாள்.
வீட்டில் நான் இப்படிச் சொன்னேன்:
வீடு கூட்டுகிறவளைக் கடத்திக்கொண்டு போகிறான்கள்.

அவள் வரைபடத்தில் கட்டத்துக்குக் கட்டம் எண்.
நாங்கள் பெயர் கொடுத்தோம்.
நண்டுமுடக்கு. செத்தவன் பள்ளம். மூளிப் பார்.
எழுதிக்கொண்டாள், எழுத்துப் பிழையோடு.
ஒரு கட்டத்துக்கு மட்டும் வாய் திறக்கவில்லை.
அட்டைகள் குஞ்சும் குருவானுமாகக் கிடக்கிற இடம்.
“உன்னை நம்புகிறோம் தாயி,
அந்தக் காகிதத்தை இனிமேல் யார் யார்
பார்ப்பார்கள் என்று உனக்கே தெரியுமா?”
பேனா மூடியைக் கடித்தபடி இருந்தாள்.
பிறகு அந்தக் கட்டத்தில்
‘ஆழம் தெரியவில்லை’ என்று எழுதினாள்.
இடுப்பளவுத் தண்ணீர் அது.

அமாவாசை கழிந்த இரண்டாம் இரவு
ரோந்துப் படகில் ராக்குவும் நானும்.
டார்ச் வெளிச்சம் விழுந்த படகின் எண்ணை
நான் வாசிக்க வேண்டியிருக்கவில்லை.
போன மாசியில் பெயிண்ட் தொட்டு
அதை எழுதினவளே நான்தான்;
மூன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும்.
உள்ளே அக்கா மகன் கோட்டைச்சாமி,
காலடியில் நனைந்த சாக்கு.
“யார்னு தெரியுதாம்மா?”
எண்ணைச் சொன்னேன்.
பெயரை அவனே சொல்லட்டும் என்று விட்டேன்.

யாருக்காக அவன் முங்கினானோ
அவர் வீட்டு மாடியில்
அன்றும் விளக்கு எரிந்தது.
அதையும் சேதுராசனுக்குக் கைநீட்டிக் காட்டினேன்.
பார்த்தார். எழுதவில்லை.
தெபோரா எழுதினாள்.

அக்கா என்னோடு பேச்சை நிறுத்தி இருபது நாள்.
படகில் அவள் அணியத்தில், நான் பின்னால்.
ஒரே கயிற்றைப் பிடித்துத்தான் இறங்குகிறோம்.
தண்ணீருக்குள் யாரும் யாரோடும் பேசுவதில்லை,
அது வசதி.
முந்தாநாள் பாசியோடு நீந்தி நீந்தி
எழுதாத அந்த இடத்துக்கு வந்துவிட்டோம்.
கண்ணாடிக்குள் அவள் கண் என்னைப் பார்த்ததா
தெரியாது.
இரண்டு பேரும் தகரக் கால்களை
மேலே தூக்கிக்கொண்டோம்.